நூற்றுக்கு ஐந்துதானே என்று கேட்டவன் எழுதுவது

மகளே நிலோபர், முதலில் சலாம். நீ மாடியில் இருக்கிறாய். நான் கீழே கடையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். சலாம் சொன்னால் பதில் சொல்வது கடமை என்பதால், மனசுக்குள்ளாவது ஒரு வார்த்தை சொல்லிவிடுவாய் என்ற தைரியத்தில் இப்படித் தொடங்குகிறேன். கடைக்காரன் புத்தியைப் பார், எழுத உட்காரும்போதே உன்னிடமிருந்து எதையாவது வாங்கிவிடப் பார்க்கிறேன். படியேறி வந்து நேரில் பேசலாம்தான். இந்த மூன்று மாதத்தில் பத்துத் தடவையாவது ஏறி வந்திருப்பேன். ஒவ்வொரு தடவையும் நீ எழுந்து நின்று, "சாப்பிட்டீங்களா அத்தா?" என்று கேட்கிறாய். "சாப்பிட்டேம்மா" என்கிறேன். அதோடு இறங்கி வந்துவிடுகிறேன். நீ சண்டை போட்டால் நானும் போடுவேன், கதவைச் சாத்தினால் தட்டுவேன். இவ்வளவு மரியாதையாக நடந்துகொள்கிற பிள்ளையிடம் என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை உனக்கு நிக்காஹ். அதற்குள் நான் இதைச் சொல்லியாக வேண்டும்.

நீ பிறப்பதற்கு முன்னால் நான் வளைகுடாவில் அடுத்தவன் ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தேன். திரும்பி வந்து மன்னார்குடி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இந்தக் கடையைப் போட்டேன். ஹெல்மெட், சீட் கவர், பக்கவாட்டுக் கண்ணாடி எல்லாம் விற்றாலும், கடைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது சைலன்சர்தான். வண்டியோடு வந்த சைலன்சரைக் கழற்றிப் போட்டுவிட்டு, தெப்பக்குளத்துக்கு அந்தக் கரையில் இருப்பவனும் திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு குழாயை மாட்டிக் கொடுப்பேன். மாட்டியதும் வாசலிலேயே வைத்து முறுக்கிக் காட்டுவேன். அந்த முறுக்கலில் வாங்க வந்தவன் முகத்தில் ஒரு சிரிப்பு வரும் பார், அதற்காகவே இந்தத் தொழிலைச் செய்யலாம் என்று அப்போது தோன்றும். நீ பள்ளிக்கூடம் விட்டு வந்து, கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து, ஒரு காதை இடது கையால் பொத்திக்கொண்டு வலது கையால் வீட்டுப்பாடம் எழுதுவாய். எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. வருகிறவர்களிடம் எல்லாம், "எம்மவளுக்கு நம்ம சரக்கு புடிக்கல" என்று சொல்லிச் சிரிப்பேன்.

உனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது பின்வீட்டில் ஒரு பெண் பிரசவத்துக்கு வந்திருந்தாள். ஞாபகம் இருக்கிறதா? குழந்தை பிறந்து இருபது நாள். நான் வாசலில் முறுக்கும்போதெல்லாம் அதற்குத் தூக்கிவாரிப்போட்டு அழுகிறது என்று அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கடைக்கே வந்துவிட்டாள். "அண்ணே, ஒரு மாசம் மட்டும் கொஞ்சம் பாத்துக்குங்கண்ணே" என்றாள். "ஊருன்னா சத்தம் இருக்கத்தாம்மா செய்யும், புள்ளைக்குப் பழகிரும்" என்று அனுப்பிவிட்டேன். கல்லாவுக்குப் பின்னாலிருந்து நீ அதைக் கேட்டுக்கொண்டிருந்தாய். ஒரு வாரம் கழித்து உன் அறிவியல் நோட்டின் கடைசிப் பக்கத்தை என் முன்னால் வைத்தாய். எத்தனை மணிக்கு எந்த வண்டி முறுக்கியது, எத்தனை நிமிஷம் கழித்துக் குழந்தை அழுகையை நிறுத்தியது என்று கோடு போட்டு எழுதியிருந்தாய். கண்ணை மூடிக்கொண்டே எது எந்த வண்டி என்று சொல்கிற காது உனக்கு. நான் அதைப் படித்துவிட்டு, "பரீட்சைக்குப் படிம்மா" என்றேன். அன்றைக்கே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை என்று சொன்னால் பொய். புரிந்தது, வியாபாரம் ஓடியது, விட்டுவிட்டேன்.

பிறகு நீ தஞ்சாவூருக்குக் காலேஜ் பஸ்ஸில் போய்ப் படித்தாய், சென்னையில் சத்தம் அளக்கிற ஒரு கம்பெனியில் சேர்ந்தாய், அங்கிருந்து ரேஸ் ட்ராக்கில் கூப்பிட்டார்கள் என்று போனாய். சொந்த வண்டியைக் கொண்டுவந்து யார் வேண்டுமானாலும் ட்ராக்கில் ஓட்டிப் பார்க்கிற நாட்கள் இருக்கின்றன என்றும், அந்த நாட்களில் ஒவ்வொரு வண்டியையும் நீ அளந்து ஸ்டிக்கர் ஒட்டினால்தான் உள்ளே விடுவார்கள் என்றும் நீ ஃபோனில் சொன்னபோது உன் குரலில் இருந்த சந்தோஷம் இப்போதும் என் காதில் இருக்கிறது. நான் என்ன செய்தேன்? பள்ளிவாசல் ஜமாஅத்தில் யாராவது "பொண்ணு என்ன செய்யுது பாய்?" என்று கேட்டால், "கம்பெனியில இன்ஜினியர்" என்று சொல்லிப் பேச்சை மாற்றினேன். நூறு ஆண்பிள்ளைகளுக்கு நடுவே வெயிலில் மீட்டரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள் என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. அதுவும் நான் விற்கிற சரக்கையே வேண்டாம் என்று திருப்பி அனுப்புகிற வேலை. உன் அம்மா மட்டும், "நீங்க மாட்டுறத அவ கழட்டுறா, கணக்கு நேராயிடுச்சு" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நன்னிலத்துச் செல்வத்தை, ட்ராக்குக்கு வந்த அந்த ஒரு நாள்தான் உனக்குத் தெரியும். எனக்குப் பல வருஷப் பழக்கம். மூன்று அறுவடை மெஷின் வைத்திருக்கிறான். சம்பா அறுப்பு முடிந்து மெஷின்களை ஷெட்டில் விட்ட கையோடு பெரிய பைக் ஒன்று வாங்கினான். என்னிடம் வந்து குழாயும் மாட்டினான். ட்ராக்கில் ஒரு நாள் ஓட்ட வேண்டும் என்று பேர் கொடுத்துவிட்டு, "பாய், அங்க மீட்டர் புடிக்கிறது உங்க பொண்ணுதானாமே?" என்று கேட்டான். நான் பெருமையாக, "நம்ம புள்ளதான், நானே கூட வரேன்" என்றேன். ஊரில் சொல்லக் கூச்சப்பட்ட வேலையை, காரியம் ஆக வேண்டிய இடத்தில் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன். எங்கள் பக்கத்து ஆட்களைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே. நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் கொட்டிவிட்டு, ஈரம் அளக்கிற மெஷினுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்று பழகியவர்கள். இரண்டு பாயின்ட் கூட வந்தால் கெஞ்சுவோம், குவியலின் மேலே வெயில் பட்ட இடத்தில் ஒரு கைப்பிடி எடுத்துப் பார்க்கச் சொல்வோம், மழை பெய்தால் அரசாங்கமே தளர்த்திவிடும் என்று தார்ப்பாயைப் போட்டுக் காத்திருப்போம். அளவு என்று ஒன்று இருந்தால் அதற்கு மேலே கொஞ்சம் இடமும் இருக்கும் என்பதுதான் எங்களுக்குத் தெரிந்த உலகம். அந்தப் புத்தியோடுதான் வேனில் பைக்கை ஏற்றிக்கொண்டு உன்னிடம் வந்தோம்.

வரிசையில் எங்கள் முறை வந்தபோது நீ என்னைப் பார்த்துச் சிரித்தாய். "வாங்கத்தா" என்று சொல்லிவிட்டு உடனே குனிந்து, குழாய் முனையிலிருந்து அரை மீட்டருக்கு ஒரு குச்சியை வைத்து, சாய்வு பார்த்து மீட்டரைப் பிடித்தாய். செல்வம் முறுக்கினான். எல்லை நூற்றிரண்டு டெசிபல், வந்தது நூற்றேழு. "அண்ணே, வண்டியோட வந்த சைலன்சர் கையில இருக்கா?" என்றாய். இல்லை. அவன் கையைக் கட்டிக்கொண்டு, "மேடம், நன்னிலத்துலேருந்து வந்திருக்கோம், ஒரு ரெண்டு பாயின்ட் பாத்துப் போடுங்க மேடம்" என்று தொடங்கினான். கொள்முதல் நிலையத்தில் நிற்பதாகவே நினைத்துக்கொண்டான் பாவம். நான் உன்னைத் தனியே கூப்பிட்டேன்.

"நூத்துக்கு அஞ்சுதானம்மா. வியாபாரத்துல இத ஒரு கழிவாவே நெனைக்க மாட்டோம்."

"அத்தா, இது அந்தக் கணக்கு இல்ல. மூணு கூடுனாலே ரெண்டு மடங்கு. அஞ்சுன்னா மூணு மடங்குக்கு மேல."

"அந்தக் குச்சிய ஒரு சாண் தள்ளிப் புடி. யாருக்குத் தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியும்லத்தா."

அப்போதுதான் நீ மதில் சுவரைக் காட்டினாய். அந்தப் பக்கம் ஊர் இருக்கிறது, பள்ளிக்கூடம் இருக்கிறது. சத்தம் தாங்காமல் அவர்கள் ட்ராக்கையே மூடச் சொன்னபோது, நீதான் வீடு வீடாகப் போய், இந்த எல்லைக்கு மேலே ஒரு வண்டியும் உள்ளே வராது என்று வாக்குக் கொடுத்திருக்கிறாய். உன் ஃபோன் நம்பரையும் எழுதிக் கொடுத்திருக்கிறாய். "நான் சொன்ன வார்த்தத்தா அது" என்றாய். பத்தரை மணிக்குள் சரிசெய்து கொண்டுவந்தால் மறுபடி அளக்கிறேன் என்று சொல்லி, அடுத்த வண்டிக்குப் போய்விட்டாய். அப்பன் என்பதால் கடிந்தும் பேசவில்லை, அப்பன் என்பதால் விட்டும் கொடுக்கவில்லை. எனக்கு முகம் தொங்கிப்போய்விட்டது. செல்வம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் கேட்டுக்கு வெளியே இருந்த பெட்டிக்கடையில் பாத்திரம் தேய்க்கிற கம்பிச் சுருள் ஆறு வாங்கினேன். வேனுக்குப் பின்னால் உட்கார்ந்து அதைப் பிரித்துக் குழாய்க்குள் திணித்தேன். ஊரில் போலீஸ் சோதனை இருக்கிற நாட்களில் நாங்கள் செய்து கொடுக்கிற வேலைதான் அது. பஸ் ஸ்டாண்டிலிருந்து வீடு வரைக்கும் தாங்கும். ட்ராக்கில் என்ன ஆகும் என்று நான் யோசிக்கவில்லை. உன்னிடம் தோற்கக் கூடாது என்று மட்டும்தான் அந்த நேரத்தில் மனசில் இருந்தது. மறுபடி அளந்தாய். நூற்றொன்று. நீ மீட்டரைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாய். "என்ன செஞ்சீங்கத்தா?" என்றாய். "உள்ளாற தடுப்பு வச்சு ரிவெட் அடிச்சிருக்கேன்" என்றேன். நீ டார்ச்சை எடுக்கப் போனாய். அப்போது நான் அந்த வார்த்தையைச் சொன்னேன், நிலோபர். "அத்தா மேல நம்பிக்கை இல்லையா?" என்று கேட்டேன். நீ டார்ச்சைப் பைக்குள் வைத்துவிட்டு ஸ்டிக்கரை ஒட்டினாய். உன் வேலையில் நீ பார்க்காமல் விட்டது அந்த ஒரு குழாய்தான். அதையும் மீட்டருக்காக விடவில்லை, எனக்காக விட்டாய்.

மூன்றாவது சுற்றில் கம்பிச் சுருள் சிவக்கப் பழுத்து வெளியே வந்து விழுந்தது. பின்னால் வந்தவர் அதைத் தவிர்க்கப் போய்ச் சறுக்கி விழுந்தார். தோள்பட்டை எலும்பு முறிந்தது, அல்லாஹ் காப்பாற்றினான், இப்போது சரியாகிவிட்டார். செல்வம் ஒன்றும் தெரியாமல் இன்னும் ஒரு சுற்று முழுச் சத்தத்தோடு போய் வந்தான். பள்ளிக்கூடத்தில் அன்றைக்குப் பரீட்சை. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஆட்கள் கேட்டுக்கு வந்துவிட்டார்கள். முன்னால் நின்ற அம்மாள் உன்னைப் பார்த்துக் கத்தக்கூட இல்லை. "நீ சொன்னியேம்மா" என்று மட்டும் கேட்டாள். ட்ராக் அதிகாரி உன்னைக் கூப்பிட்டு, இந்த வண்டியை யார் பார்த்தது, உள்ளே என்ன இருந்தது என்று கேட்டார். "நான்தான் சார் பார்த்தேன், என் ஸ்டிக்கர்தான்" என்றாய். யார் திணித்தது என்று நீ சொல்லவில்லை. நான் பத்தடி தள்ளி, செல்வத்தின் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். வாயைத் திறக்கவில்லை. ஆயுசு முழுக்கச் சத்தத்தை விற்றவன், அந்த நேரத்தில் ஹெல்மெட் வாரை மாட்டி மாட்டிக் கழற்றிக்கொண்டிருந்தேன். பயம்தான், வேறொன்றும் இல்லை. போலீஸ் வருமோ, கடைக்கு ஏதாவது ஆகுமோ என்ற பயம். மகளை முன்னால் நிறுத்தி அப்பன் பின்னால் நின்றேன். உன் கழுத்திலிருந்த அடையாள அட்டையை அவர்கள் வாங்கிக்கொண்டபோதும் அப்படியேதான் நின்றேன்.

அதற்குப் பிறகு நான் சும்மா இருக்கவில்லை என்பது உனக்குத் தெரியாது. எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டு அந்த ட்ராக் அதிகாரிக்கு அனுப்பினேன். பதில் வரவில்லை என்று நேரிலேயே போனேன். அந்த அதிகாரி நல்ல மனுஷர், உட்காரவைத்துப் பேசினார். "உங்க பொண்ணு இத எங்கிட்ட சொல்லலையே சார். சொல்லியிருந்தாலும் உள்ள பாக்காம ஒட்டினது அவங்கதானே" என்றார். நான் அவர் மேஜைக்கு முன்னால் நின்று, செல்வம் உன்னிடம் கெஞ்சின மாதிரியே கெஞ்சினேன். பார்த்துச் செய்யுங்கள் என்றேன். அவர் எழுந்து நின்று கைகூப்பினார். சுவருக்கு அந்தப் பக்கம் போய் அந்த அம்மாளையும் தேடினேன். வீடு பூட்டியிருந்தது. திரும்பி வரும் வழியெல்லாம் பஸ்ஸில் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். எங்கேயும் கொண்டுபோய் இறக்கிவைக்க முடியாத தப்பு என்று ஒன்று இருக்கிறது என எனக்கு இந்த வயதில்தான் தெரிந்தது.

இப்போது சொல்லப் போவதுதான் எழுதக் கூசுவது. வேலை போன ஒரு வாரத்தில் நீ மாடியிலிருந்து இறங்கி வந்து, இரண்டு தடவை வேண்டாம் என்று சொன்ன அந்த அபுதாபி மாப்பிள்ளை வீட்டையே பேசிவிடும்படி சொன்னாய். "அல்ஹம்துலில்லாஹ்" என்று உடனே வாயில் வந்துவிட்டது. வாய்தான் முந்திக்கொண்டது என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். மனசும் சந்தோஷப்பட்டது. இனிமேல் வெயிலில் நிற்க மாட்டாள், ஜமாஅத்தில் பேச்சை மாற்ற வேண்டாம், எல்லாம் நல்லதுக்கே என்று ஒரு மூலையில் நிம்மதியாக இருந்தது. உன் அம்மா அடுப்படியில் நின்று என்னையே பார்த்தாள். பிறகுதான் யோசித்தேன். நான் கேட்டபோதெல்லாம் காரணம் சொல்லி வாதாடிய பெண், இப்போது ஒரு காரணமும் சொல்லாமல் சரி என்கிறாள். "சம்மதம்தானேம்மா?" என்று கேட்டால், "உங்க இஷ்டம்த்தா" என்கிறாய். பத்திரிகை காட்டினால் "நல்லா இருக்கு" என்கிறாய். எனக்கு அது சம்மதமாகக் கேட்கவில்லை. ஆனால் நிஜமாகவே உனக்குப் பிடித்துத்தான் சொல்கிறாயோ என்னவோ, அதையும் என்னால் தீர்மானிக்க முடியவில்லை. மாப்பிள்ளை நல்ல பிள்ளை, அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

மகளை அனுப்பும்போது அப்பன்மார் புத்தி சொல்வார்கள். எனக்கு அதற்கு யோக்கியதை இல்லை, இருந்தாலும் வாய் சும்மா இருக்காது. இனி எங்கே வேலை பார்த்தாலும், என்ன அளந்தாலும், கெஞ்சுகிறவன் யாராக இருந்தாலும் குச்சியைத் தள்ளிப் பிடிக்காதே. நம்பிக்கை இல்லையா என்று ஒருவன் கேட்டால், முதலில் டார்ச்சை எடு. அது நானாக இருந்தாலும் எடு. அப்புறம், யாரையும் காப்பாற்றுவதற்காக உன்னை நீ விட்டுக்கொடுக்காதே. அன்றைக்கு "எங்க அத்தாதான் சார் செஞ்சது" என்று நீ என்னைப் பார்த்துக் கையை நீட்டியிருக்கலாம். எனக்குக் கேவலமாக இருந்திருக்கும். இன்றைக்கு இருக்கிற அளவுக்கு இருந்திருக்காது.

ஞாயிற்றுக்கிழமை முறை என்ன என்று உனக்குத் தெரியும். நிக்காஹ் நடத்திவைக்கிற ஹஜ்ரத் மண்டபத்தில் காத்திருப்பார். நான் இரண்டு சாட்சிகளோடு நீ இருக்கும் அறைக்கு வந்து, இன்னாருக்கு உன்னை நிக்காஹ் செய்துகொடுக்கச் சம்மதமா என்று கேட்க வேண்டும். பெண்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டிருந்தால் போதும், வாய் பேசாவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்கள். சுற்றி உட்கார்ந்திருக்கிற பெண்களே "சரின்னுட்டா, சரின்னுட்டா" என்று அனுப்பிவைப்பார்கள். நேற்று உன் அம்மாவிடம், எங்கள் நிக்காஹ் அன்று அவள் என்ன சொன்னாள் என்று கேட்டேன். "நான் ஒண்ணும் சொல்லல, அழுதுக்கிட்டிருந்தேன். எங்க பெரியம்மாதான் சரின்னாங்க" என்றாள். இத்தனை வருஷத்தில் நேற்றுதான் நான் அவளைக் கேட்டிருக்கிறேன். அவள் சொல்லிவிட்டுப் போய் அரிசி களைந்தாள். 

அதனால் இரண்டு சாட்சிகளிடமும் சொல்லிவைத்துவிட்டேன். மற்றவர்கள் சொல்வதைக் காதில் வாங்க வேண்டாம், குனிந்த தலையையும் எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று. அந்த மாப்பிள்ளைக்கு மண்டபத்தில் தலைகுனிவு வரக் கூடாது என்று நினைத்தால், அதற்கு முன்னாலேயே எந்த நேரமும் இறங்கி வந்து வேண்டாம் என்று சொல். அவர்கள் வீட்டுக்கு நானே போய், என் தப்பு என்று சொல்கிறேன். முன்னால் சொல்ல முடியாவிட்டால் அன்றைக்கே சொல். உன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரும்வரைக்கும் நான் அந்த அறை வாசலை விட்டு நகர மாட்டேன். ஹஜ்ரத் காத்திருக்கட்டும், சோறு ஆறட்டும், ஜனங்கள் என்ன வேண்டுமானாலும் பேசட்டும். சரி என்றால் போய்ச் சரி என்று சொல்வேன். இல்லை என்றால் அதையும் நானே மைக்கில் சொல்வேன். நீ என்ன சொல்லப் போகிறாய் என்று எனக்குத் தெரியவில்லை, நிலோபர். பயமாக இருக்கிறது. இரண்டில் எதற்குப் பயப்படுகிறேன் என்றும் தெரியவில்லை.

உன் அத்தா